கடலுக்கு இட்ட எல்லை

கடலுக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது, அதை அது மீறாது என்பது விவிலிய மரபின் மிகப் பழைய நம்பிக்கைகளுள் ஒன்றாகும். யோபு நூலில் அந்த எல்லை கதவும் தாழ்ப்பாளுமாகச் சொல்லப்படுகிறது. எரேமியா நூலில் அது கரையின் மணல். ஆதியாகமத்தின் ஒன்பதாம் அதிகாரமோ இந்த நம்பிக்கையை ஓர் உடன்படிக்கையாகவே உயர்த்துகிறது: நோவாவின் காலத்து வெள்ளம் வடிந்த பிறகு, இனி ஒரு வெள்ளத்தால் உயிர்களை அழிப்பதில்லை என்று இறைவன் வாக்களித்து, அதற்கு அடையாளமாக மேகத்தில் வில்லை வைக்கிறார். பசிபிக் பெருங்கடலின் பவளத் தீவு நாடுகளான துவாலு, கிரிபட்டி, மார்ஷல் தீவுகள் ஆகியவற்றின் மக்களுக்கு இது ஏட்டோடு நின்றுவிடும் செய்தி அன்று. குக் தீவுகளைச் சேர்ந்த எலெக்கானா என்னும் திருச்சபை ஊழியர், கடலில் திசை தவறிய படகோடு 1861-இல் நுகுலேலே தீவில் கரையேறியது முதல், துவாலுவின் ஊர் வாழ்வும் கிறித்தவ வழிபாடும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. கடல் ஏறிவருகிறது என்று அறிவியலாளர் சொல்லும்போது, வானவில்லைச் சுட்டி, இறைவன் வாக்குத் தவறமாட்டார் என்று விடை சொல்வோர் அத்தீவுகளில் இன்றும் உண்டு.

இந்த விடையை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. கடலின் நடுவே, பெரும்பாலும் ஐந்து மீட்டர் உயரத்தை எட்டாத மணல் திட்டுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் கடலை அஞ்சாமல் உறங்கியதற்கு அந்த நம்பிக்கையே துணையாக இருந்திருக்கிறது. ஆகவே எழுப்ப வேண்டிய கேள்வி அந்த நம்பிக்கை சரியா தவறா என்பதைவிட ஆழமானது: ஒரு வாக்குறுதியை நம்புவது என்றால் என்ன, நம்புகிறவனிடம் அது எதைக் கேட்கிறது என்பதே அக்கேள்வி. அலையாத்திக் காடுகள், பவளத் திட்டுகள், கடல்மட்ட உயர்வு ஆகிய மூன்றையும் ஒருங்கே ஆராய்ந்த கடலோர அறிவியல் இக்கேள்விக்குப் புதிய கூர்மையைத் தந்திருக்கிறது. கடலுக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள எல்லை பல இடங்களில் உயிருள்ளது, அது நாள்தோறும் கட்டப்படுவது, அந்தக் கட்டுமானத்துக்கு ஒரு வேக வரம்பு உண்டு என்பதே அந்த அறிவியல் தரும் செய்தி.

அலையாத்தி மரங்கள் ஓதம் ஏறி இறங்கும் உவர்ச் சேற்றில் வளர்பவை. அவற்றின் தாங்கு வேர்களும், சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் மூச்சு வேர்களும் நீரோட்டத்தைத் தணிக்க, ஓதம் சுமந்துவரும் வண்டல் அங்கேயே படிகிறது. மண்ணுக்குள்ளேயோ வேறொரு வேலை நடக்கிறது: நுண்வேர்கள் இடைவிடாது முளைத்து மடிகின்றன, ஆக்சிஜன் இல்லாத சேற்றில் அவை எளிதில் மட்குவதில்லை, மட்காத வேர்ப்பொருள் அடுக்கடுக்காகச் சேர்ந்து நிலத்தை உள்ளிருந்தே உயர்த்துகிறது. கடல் சற்று உயர்ந்தால் வெள்ளம் அடிக்கடி வரும், வண்டலும் கூடுதலாகப் படியும், நிலமும் சற்று உயரும். இவ்வாறு கடலின் ஏற்றமே காட்டின் ஏற்றத்தைத் தூண்டுகிறது. ஆனால் வெள்ளம் மிக நீண்ட நேரம் தேங்கினால் மூச்சு வேர்கள் மூழ்கி, மரம் நலிந்து, வேர் வளர்ச்சி நின்று, அதே காடு உயரும் ஆற்றலை இழந்துவிடுகிறது.

இந்த உயர்வை அளக்கும் கருவி மிக எளியது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியொன்றைச் சேற்றின் வழியே, இனி இறங்காது என்னும் ஆழம் வரை அடித்து இறக்குகிறார்கள். அசையாத அந்தக் கம்பியின் தலையில் கிடைமட்டமான ஒரு கையைப் பொருத்தி, அதிலுள்ள துளைகளின் வழியே ஒன்பது மெல்லிய ஊசிகளைச் சேற்றின் மேற்பரப்பைத் தொடும் வரை மெல்லத் தாழ்த்துகிறார்கள். கைக்கு மேலே ஒவ்வோர் ஊசியும் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை மில்லிமீட்டர் கணக்கில் குறித்து, மீண்டும் வந்து அதே இடத்தில் அளந்தால், நிலம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது தெரிந்துவிடும். அருகிலேயே ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்தின் வெள்ளைத் தூளைச் சேற்றின் மீது பரப்பி வைக்கிறார்கள். பின்னொரு நாள் சேற்றை வெட்டிப் பார்க்கும்போது, அந்த வெள்ளைக் கோட்டுக்கு மேலே படிந்திருப்பது இடைக்காலத்து வண்டல். பல நாடுகளின் கடலோரங்களில் பொறுமையோடு திரட்டப்படும் இந்த அளவுகள்தான் இன்றைய காடு கடலோடு ஈடுகொடுக்கிறதா என்பதற்குச் சான்று.

இன்றைய அளவுகள் சில பத்தாண்டுகளுக்கு மட்டுமே உரியவை. ஆகவே ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கடலோர அறிவியலாளர் நீல் செயின்டிலனும் அவருடைய கூட்டாளிகளும் பழங்காலத்தின் பக்கம் திரும்பினர். பனிக்காலம் முடிந்து பனிப்பாளங்கள் உருகியபோது, ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் கடல் ஆண்டுக்கு 10 மில்லிமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது; பின்னர் அந்த வேகம் அடுத்த சில ஆயிரம் ஆண்டுகளில் படிப்படியாகக் குறைந்து, ஏறக்குறைய நின்றது. உலகின் 78 இடங்களில், நிலத்தடியில் புதைந்துள்ள அலையாத்திப் படிவுகளின் காலக்கணிப்புகளைத் தொகுத்து, எந்த வேகத்தில் காடுகள் வேரூன்றி நிலைத்து உயரத் தொடங்கின என்று அவர்கள் கணக்கிட்டனர். 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான அம்முடிவின்படி, சார்புக் கடல்மட்டம், அதாவது அந்தந்த இடத்து நிலத்தின் ஏற்றத் தாழ்வையும் சேர்த்துக் கணக்கிட்ட கடல்மட்டம், ஆண்டுக்கு 6.1 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்த காலங்களில் அலையாத்திகளால் நிலைத்து உயர முடியாமல் போயிருப்பதற்கான நிகழ்தகவு 90 விழுக்காட்டுக்கும் அதிகம். உலகச் சராசரிக் கடல்மட்டம் 1901 முதல் 1971 வரை ஆண்டுக்குச் சுமார் 1.3 மில்லிமீட்டராகவும், 2006 முதல் 2018 வரை 3.7 மில்லிமீட்டராகவும் உயர்ந்திருக்கிறது என்பதை இதனருகில் வைத்துப் பார்த்தால், அந்த வரம்பு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது விளங்கும்.

பவளத் தீவுகளின் கதையும் இதனோடு ஒத்துப்போகிறது. எரிமலைத் தீவொன்று மெல்ல அமிழ, அதைச் சுற்றியுள்ள பவளம் ஒளியைத் தேடி மேல்நோக்கி வளர, இறுதியில் நடுவே காயலும் சுற்றிலும் பவள வளையமும் எஞ்சுகின்றன என்று 1842-இல் சார்லஸ் டார்வின் எழுதினார். இதைச் சோதிக்க இலண்டன் அரச கழகம் 1896 முதல் 1898 வரை துவாலுவின் ஃபுனாஃபுட்டி வளையத்தில் துளையிட்டுப் பார்த்தது. சுமார் 340 மீட்டர் ஆழம் வரை சென்றும் பவளத் திட்டின் சுண்ணாம்புப் பாறை முடியவில்லை. 1952-இல் மார்ஷல் தீவுகளின் எனிவெடோக்கில் 1,200 மீட்டருக்கும் கீழே துளையிட்டபோதுதான் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. அதற்கு மேலே இருந்தது முழுவதும், ஒளி எட்டும் ஆழத்தில் வாழ்ந்த சிற்றுயிர்கள், தரை தாழத் தாழத் தம் முன்னோரின் கூடுகள் மீதே கூடு கட்டி உயர்த்தியது.

அந்த வளையத்தின் மேல் அமர்ந்துள்ள தீவோ வெறும் மணல். அந்த மணலும் உயிரிலிருந்து வந்ததே. உடைந்த பவளத் துண்டுகள், சுண்ணாம்புப் பாசிகளின் செதில்கள், பவளத்தைக் கொறிக்கும் கிளிமீன் கழித்த வெண்துகள், ஃபொராமினிஃபெரா எனப்படும் ஒற்றைச் செல் உயிர்களின் ஓடுகள் ஆகியவை அலையால் ஒதுக்கப்பட்டுச் சேர்ந்ததே அது. ஃபுனாஃபுட்டியின் கரை மணலில் ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தால், கல் என்று தோன்றும் பொடிமணிகளில் பலவும் ஒரு காலத்தில் உயிரோடிருந்த உடல்களே. பவுல் கென்ச்சும் அவருடைய குழுவினரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, 1971 முதல் 2014 வரை துவாலுவின் 101 தீவுகளை வான்படங்கள், செயற்கைக்கோள் படங்கள் வழியே ஒப்பிட்டு, அந்தப் பகுதியில் கடல்மட்டம் உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் உயர்ந்தபோதிலும், நாட்டின் மொத்த நிலப்பரப்பு 2.9 விழுக்காடு கூடியிருந்ததைக் காட்டியது. தீவுகள் இடம் பெயர்கின்றன, உருமாறுகின்றன, சில தேய்கின்றன. எனினும் பவளத் திட்டு உயிரோடிருந்து மணலை ஈந்துகொண்டிருக்கும் வரை, வரவும் செலவும் உள்ள குடும்பக் கணக்கைப் போல, தீவும் தன்னை ஈடுசெய்துகொள்கிறது.

அந்த ஈட்டுக்கும் வரம்பு உண்டு என்பதை, 2023-இல் ‘நேச்சர்’ இதழில் செயின்டிலன் குழுவினர் வெளியிட்ட விரிவான ஆய்வு காட்டியது. உவர்ச் சதுப்புகளும் அலையாத்திகளும் ஆண்டுக்கு 4 மில்லிமீட்டர் உயர்வில் பின்தங்கத் தொடங்குவது பெரும்பாலும் நேரக்கூடியது, 7 மில்லிமீட்டரில் அது நேர்வதற்கான வாய்ப்பு மிகமிக அதிகம், அந்த வேகத்தைத் தாண்டும்போது பவளத் தீவுகளும் கரையரிப்பாலும் மேலேறிப் பாயும் அலையாலும் நிலைகுலையும் வாய்ப்பு கூடுகிறது என்று அது கணித்தது. பூமியின் வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 3 பாகை செல்சியஸ் உயர்ந்தால், உலகின் ஏறத்தாழ எல்லா அலையாத்திக் காடுகளும் பவளத் தீவுகளும் அந்த 7 மில்லிமீட்டர் வேகத்துக்கு ஆளாகும். பாரிஸ் உடன்பாட்டின் இலக்குகளைக் காத்தால் பாதிப்பு மிகவும் குறையும். இதற்கிடையே கடல் சூடாவதால் பவளங்கள் தம்முள் வாழும் பாசிகளை இழந்து வெளுத்து மடிகின்றன. உலகளாவிய நான்காம் வெளுப்பு நிகழ்வு 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. கடல் வேகமாக ஏறும் அதே காலத்தில், ஈடுகொடுக்க வேண்டிய உயிரின் வலுவும் குன்றுகிறது.

இவ்விரு வகை முடிவுகளையும் தனித்தனியே பிடித்துக்கொண்டவர்கள் இரண்டு எதிரெதிர்த் தவறுகளில் விழுகிறார்கள். தீவுகள் வளர்ந்திருக்கின்றன என்ற செய்தியை மட்டும் கேட்டவர்கள் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். 7 மில்லிமீட்டர் என்ற எண்ணை மட்டும் கேட்டவர்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், எதிர்நோக்கு என்னும் அறத்துக்கு எதிரான பாவங்கள் இரண்டு என்று வகுத்தது இங்கே நினைக்கத் தக்கது. ஒன்று மனமுறிவு: வரக்கூடிய நன்மை வரவே வராது என்று முடிவுகட்டி முயற்சியைக் கைவிடுவது. மற்றொன்று மிகைத்துணிவு: மனந்திரும்பாமலேயே மன்னிப்பும், உழைக்காமலேயே பலனும் கிடைக்கும் என்று இறைவனின் இரக்கத்தைத் தன் வசதிக்குப் பயன்படுத்துவது. இரண்டும் வேறுபட்டவை போலத் தோன்றினாலும் நடைமுறையில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இரண்டுமே மனிதன் இப்போது செய்ய வேண்டியது எதுவும் இல்லை என்று சொல்லிவிடுகின்றன.

வானவில் உடன்படிக்கையைக் கவனமாகப் படிப்பவருக்கு அது மிகைத்துணிவுக்கு இடம் தருவதாகத் தோன்றாது. முதலாவதாக, அந்த வாக்கு கட்டுப்படுத்துவது வாக்களித்தவரைத்தான்; வெள்ளத்தை அனுப்புவதில்லை என்று இறைவன் தம்மைக் கட்டிக்கொள்கிறார், மனிதன் தன் கையால் வருவிக்கும் வெள்ளத்துக்கு அங்கே எந்தக் காப்புறுதியும் இல்லை. தீவு இறையியலாளர் பலர் இவ்வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைத்திருக்கிறார்கள். 2004-இல் கிரிபட்டியில் கூடிய பசிபிக் திருச்சபைகள் வெளியிட்ட ஓட்டின் தாய் அறிக்கையும் தட்பவெப்ப மாற்றத்துக்குக் காரணம் மனிதச் செயல் என்பதை ஏற்று, உலகத் திருச்சபைகளின் தோழமையைக் கோரியது. இரண்டாவதாக, அந்த உடன்படிக்கை மனிதரோடு மட்டும் செய்யப்பட்டதன்று; எல்லா உயிர்களோடும் பூமியோடும் செய்யப்பட்டதாக அந்த அதிகாரம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அவ்வாறாயின் பவளமும் ஃபொராமினிஃபெராவும் அந்த உடன்படிக்கையின் பயனைத் துய்ப்பவை மட்டுமல்ல, அதன் பங்காளிகளும் ஆகின்றன. பங்காளிகளை வெப்பத்தால் கொன்றுவிட்டு உடன்படிக்கையின் பயனை மட்டும் எதிர்பார்ப்பது எந்த அறநூலும் ஏற்காத நடத்தை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பழைய ஏற்பாட்டின் ஆசிரியர்கள் பவள மணலின் உயிரியலை அறிந்திருந்தார்கள் என்றோ, வேதம் இன்றைய ஆய்வை முன்னறிவித்தது என்றோ சொல்வது வேதத்துக்கும் அறிவியலுக்கும் ஒருசேர இழைக்கும் அநீதியாகும். சொல்லக்கூடியது அதைவிட அடக்கமானது: எல்லை இடப்பட்டது என்று நம்புகிற ஒருவருக்கு, அந்த எல்லை எதனால் ஆனது, எவ்வாறு நிலைக்கிறது, எப்போது முறிகிறது என்பதை அறிவியல் சொல்லும்போது, அந்த அறிவு நம்பிக்கைக்குப் போட்டியாக வருவதில்லை; நம்பிக்கை எங்கே கடமையாக மாற வேண்டும் என்பதைக் காட்டுகிறது. ‘பொறுப்பின் கோட்பாடு’ என்னும் கருத்தை 1979-இல் முன்வைத்த மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ், மனித ஆற்றல் எதிர்காலத் தலைமுறைகளின் இருப்பையே தொடும் அளவுக்குப் பெருகிவிட்ட காலத்தில், தீய விளைவு பற்றிய முன்கணிப்புக்கே முதல் செவி கொடுக்க வேண்டும் என்று வாதிட்டார். நிகழ்தகவு முழு உறுதி அன்று என்று காத்திருப்பது, பந்தயத்தில் பிறருடைய வீட்டைப் பணயம் வைப்பதற்கு ஒப்பாகும்.

பிறருடைய வீடு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில் இதற்கு எழக்கூடிய வலிமையான மறுப்பு நீதி சார்ந்தது. சுமார் 11,000 மக்கள் மட்டுமே வாழும் துவாலு வளிமண்டலத்தில் சேர்த்த கரி கணக்கில் கொள்ளத் தகாதது. பாதிக்கப்பட்டவரிடமே கடமையைப் பற்றிப் பேசுவது அநீதியன்றோ என்று கேட்கலாம். அக்கேள்வி நியாயமானது, அதற்கு விடையும் உண்டு. வாக்கைக் காக்கும் கடமை, அதை முறிக்கும் ஆற்றல் உள்ளவரிடத்தில்தான் முதலில் நிற்கிறது; அந்த ஆற்றல் உள்ளவை, பெருமளவு எரித்துப் பெருமளவு பயனடைந்த நாடுகளே. தென்பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் 2019-இல் தொடங்கி, வனுவாட்டு அரசு முன்னெடுத்த முயற்சியின் விளைவாக, 2025 ஜூலை 23 அன்று பன்னாட்டு நீதிமன்றம், தட்பவெப்பத்தைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று கருத்துரை வழங்கியிருக்கிறது. தீவு மக்கள் இரக்கத்தைக் கேட்கவில்லை, முறையைக் கேட்டார்கள்.

மனமுறிவுக்கும் மிகைத்துணிவுக்கும் இடையே நடப்பது எப்படி என்பதற்குத் துவாலுவே எடுத்துக்காட்டு. 2023-இல் அந்நாடு தன் அரசியலமைப்பைத் திருத்தி, நிலப்பரப்பு இழக்கப்பட்டாலும் தன் அரசுரிமை என்றென்றும் தொடரும் என்று எழுதிக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவோடு ஃபலேபிலி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஆண்டுதோறும் 280 பேர் வரை அங்கே குடியேறும் வழியைப் பெற்றது. அதனோடு ஃபுனாஃபுட்டியின் கரையோரத்தை மேடாக்கும் பணியையும் விடாமல் செய்துவருகிறது. போவதற்கு வழி செய்துகொண்டே இருப்பதற்காக உழைப்பதை முரண்பாடு என்று சிலர் கருதலாம். உண்மையில் எதிர்நோக்கு என்னும் அறத்தின் வடிவமே அதுதான். அது கெட்டதைக் கண்ணை மூடி மறுப்பதில்லை. நல்லதைக் கைகழுவுவதும் இல்லை.

தமிழகக் கடலோரமும் இந்தப் பாடத்துக்குப் புறம்பானதன்று. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளப் பாறையை வெட்டி எடுத்தது அவற்றின் அழிவுக்கு முதன்மையான காரணம். 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்புக்குள் பவளங்கள் கொண்டுவரப்பட்ட பிறகே நிலைமை மெல்ல மாறத் தொடங்கியது. தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றி 2015 முதல் கான்கிரீட்டாலான செயற்கைத் திட்டுகள் இறக்கப்பட்டு, அலையின் வேகம் தணிந்து, தீவு தாக்குப்பிடித்திருப்பது மனித முயற்சி வீணாகாது என்பதற்குச் சான்று. கடல் உயர்வதற்கு முன்பே எல்லையை மனிதக் கையால் தகர்க்க முடியும், அதே கையால் அதைத் தாங்கவும் முடியும் என்ற இரண்டையும் அவ்வளைகுடா காட்டுகிறது.

ஆகவே கடலோர அறிவியல் மனிதரிடம் கேட்பவை இரண்டு. ஒன்று வேகம்: கடல் ஏறும் வேகத்தை உயிர்கள் பின்தொடரக்கூடிய அளவுக்குள் வைத்திருக்க, எரிபொருள் புகையைக் குறைத்தாக வேண்டும். மற்றொன்று இடம்: நீர் ஏறும்போது அலையாத்தி நிலத்தின் பக்கமாகப் பின்வாங்கி வேரூன்றும் இயல்புடையது, ஆனால் அதன் பின்புறம் தடுப்புச் சுவரும் சாலையும் இறால் பண்ணையும் நின்றால், முன்னே கடலும் பின்னே சுவருமாக நெருக்குண்டு அது மடிகிறது. வேகத்தைக் குறைப்பதும் இடம் விட்டுக்கொடுப்பதும் பொறியியல் சார்ந்த வேலைகள் போலத் தோன்றினாலும், அவற்றின் அடியில் இருப்பது சமயங்கள் நெடுங்காலமாகப் போதித்துவரும் தன்னடக்கம். தன் தேவைக்கு மேல் எடுக்காதிருப்பதும், தனக்குரியது என்று நினைக்கும் இடத்தில் பிறவுயிருக்குப் பங்குண்டு என்று ஒப்புவதும் எந்தச் சமயத்துக்கும் அந்நியமான அறங்கள் அல்ல.

வாக்குறுதியை நம்புவது என்றால் என்ன என்ற கேள்விக்கு இதிலிருந்து கிடைக்கும் விடை இதுவே: நம்புகிறவன், வாக்கு எதன் வழியே நிறைவேறுகிறதோ அதைக் காக்கக் கடமைப்பட்டவன். தரிசாக விட்ட வயலில் விளைச்சலை வேண்டுவது பக்தியாகாது. பவளத்தைக் கொன்று கரையை வேண்டுவதும் அவ்வாறே. கடலின் எல்லை இறைவனால் இடப்பட்டது என்று நம்புவோரும், பல்லாயிரம் ஆண்டுகளாக உயிர்களால் கட்டப்பட்டது என்று கருதுவோரும், அதைக் காக்கும் செயலில் ஒரே பக்கம் நிற்க முடியும், நிற்கவும் வேண்டும். ஆண்டுக்கு 4 மில்லிமீட்டருக்கும் 7 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட குறுகிய இடைவெளியில்தான் இந்தத் தலைமுறையின் பக்தியும் அறிவும் நீதியும் ஒருங்கே சோதிக்கப்படுகின்றன; அந்தச் சோதனையில் வெல்வதற்கான காலம் இன்னும் கையில் இருக்கிறது.